‘தென்படவில்லை’ என்று வெட்டிய ஸ்டென்சில்

“ஏம்மா, டைப் அடிக்கத் தெரிஞ்சா சட்டம் தெரிஞ்சிடுமா? உங்க வீட்ல உனக்கு முன்னாடி யாராவது ஸ்கூல் பக்கம் போயிருக்காங்களா?”

நான் தட்டச்சராக இருந்த வன அலுவலகத்தின் ஹெட் கிளார்க் கேட்டது இது. கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டார்.

யாரும் போகவில்லை என்பதுதான் பதில். அப்பா ஆம்பூரில் ஒரு டேனரியில், தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்பவர். அம்மா மலையடிவாரத்தில் முள் வெட்டி விறகு விற்பவள். இருவரும் கைநாட்டு. நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறி, தட்டச்சில் ஹையர் முடித்து, வேலூருக்குத் தினமும் பஸ்ஸில் போய்வந்தேன். தற்காலிக வேலை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீட்டிப்பார்கள். எண்பதுகளின் தொடக்கம். அந்த அலுவலகத்தில் வனவிலங்குச் சட்டப் புத்தகத்தை முழுதாகப் படித்தவள் நான் ஒருத்திதான். மற்றவர்கள் அதை ஜன்னல் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்தார்கள்.

பேச்சு ஒரு கோப்பில் தொடங்கியது. எங்கள் ஊர்ப் பக்கம் மலையை ஒட்டி ஒரு பூங்கா நிலம் இருந்தது. பெயர்தான் பூங்கா. துருப்பிடித்த ஓர் ஊஞ்சலைத் தவிர மற்றதெல்லாம் வேலிகாத்தான் முள். அதில் பாதி காப்புக்காட்டு எல்லைக்குள் வந்தது. முள்ளை அழித்து, முன்பு அங்கே இருந்த உசிலையும் வெப்பாலையும் மறுபடி நட்டுப் பழைய காட்டைக் கொண்டுவரப் போவதாக ஊர்ப் பெரியவர்களின் குழு ஒன்று அனுமதி கேட்டிருந்தது. நல்ல காரியம்தான், மறுக்க மாட்டேன். வேலிகாத்தான் வந்தபின் அந்த நிலத்தில் ஒரு புல்கூட முளைக்கவில்லை. ஆனால் அவர்கள் வேலை செய்ய நினைத்த விதம் வேறு. சித்திரை முடிவதற்குள் முள்ளை வெட்டி, அங்கங்கே குவித்து, கொளுத்திவிட வேண்டும். ஏனென்றால் வைகாசியில் பெரிய மனிதர் ஒருவர் வந்து முதல் கன்றை நட ஒப்புக்கொண்டிருந்தார். காட்டுக்கு அவசரம் இல்லை. பந்தலுக்குத்தான் அவசரம்.

அனுமதி கொடுக்குமுன், அந்த இடத்தில் பாதுகாக்கப்பட்ட உயிரினம் ஏதாவது இருக்கிறதா என்று எங்கள் அலுவலகம் நேரில் போய்ப் பார்த்து எழுத வேண்டும். ரேஞ்சர் போனார். எப்படிப் போனார் என்று அம்மா சொன்னாள். அன்று அவள் அங்கேதான் முள் வெட்டிக்கொண்டிருந்தாள்.

“உச்சி வெயில்ல வந்தாங்கடி. டேனரி கால்வா நாத்தம் தாங்கல போல, கர்ச்சீப்ப மூக்குல வச்சிக்கினு ஜீப்புலயே குந்திக்கினு இருந்தாரு. எறங்கவே இல்ல. டிரைவர்தான் எறங்கி ஒண்ணுக்குப் போய்ட்டு வந்தான்.”

அந்த நாற்றத்தில்தான் நான் பத்து வருஷம் பாடம் படித்தேன். அரசுச் சம்பளம் வாங்குகிற மூக்கு கால் மணி நேரம் தாங்கவில்லை.

மறுநாள் ஆய்வறிக்கை என் மேஜைக்கு வந்தது. அது ஸ்டென்சிலில், அதாவது தட்டச்சு எழுத்தால் வெட்டிய மெழுகுத்தாளில், மை உருட்டி எடுத்த படிவம். இடத்தின் பெயரையும் தேதியையும் மட்டும் பேனாவால் நிரப்புவார்கள். ‘மேற்படி இடத்தை நேரில் நடந்து ஆய்வு செய்ததில் பாதுகாக்கப்பட்ட உயிரினம் எதுவும் தென்படவில்லை’ என்ற வரி படிவத்திலேயே அச்சாகியிருக்கும். யானையே குறுக்கே வந்து நின்றாலும் அந்தத் தாளில் அதற்கு இடம் கிடையாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அந்த ஸ்டென்சிலை வெட்டியவள் நான்தான். ஒரு பிழைகூட இல்லாமல் வெட்டியதற்காக ஹெட் கிளார்க் பாராட்டினார். நானும் பெருமைப்பட்டேன். இப்போது நினைத்தால் அந்தப் பெருமைதான் கூசுகிறது.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு முள்காட்டுக்குப் போனேன். கவைக்கோலால் ஒரு புதரை அவள் விலக்கினாள். காய்ந்த சருகுக்குள் மூன்று கட்டாமைகள் ஒன்றையொன்று ஒட்டிக் கிடந்தன. கறுத்த ஓட்டில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரம் நட்சத்திரமாக விரிந்திருந்தன. தொட்டேன். அசையவில்லை.

“செத்துப் போச்சாம்மா?”

“படிச்ச பொண்ணு கேக்கறா பாரு கேள்வி! வெயில் ஜாஸ்தியானா இப்டிதான் பூந்துக்கும். ஒரு மழ பேஞ்சா எழுந்து மேயப் போய்டும்.”

அன்று வெயில் ஏறுமுன் பதினொன்று பார்த்தேன். எல்லாம் முள்ளுக்கு அடியில், அவர்கள் கொளுத்தப் போகும் அதே இடத்தில். சட்டப் புத்தகத்தின் பட்டியலில் பெயர் இருக்கிற உயிர்கள். மழைக்கு முன் அனுமதி கையெழுத்தானால் அவை கிடந்த இடத்திலேயே வெந்து போகும். யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது.

திங்கட்கிழமை ஹெட் கிளார்க்கிடம் சொன்னேன். அப்போதுதான் அந்தச் சட்டக் கேள்வி. பூங்காக் குழுவின் செயலாளரும் எதிரே உட்கார்ந்திருந்தார். தோல் கமிஷன் வியாபாரி, வெள்ளை சஃபாரி உடுப்பு. கோப்பைத் துரத்திக்கொண்டு இரண்டு நாளைக்கு ஒருமுறை வருவார்.

“ஆமையா? ஒண்ணு புட்ச்சிக் குடு பாப்பா. எங்க வூட்டுத் தண்ணித் தொட்டில உடறேன். நல்லா நீஞ்சட்டும்.”

“இது நீஞ்சாது சார். தரையில இருக்கற ஆமை. தொட்டியில போட்டா செத்துடும்.”

“தண்ணில சாவற ஆமையா? கேட்டீங்களா சார் கதைய!” அவர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். ஹெட் கிளார்க்கும் சிரித்தார். உள்ளறையிலிருந்து வந்த ரேஞ்சர் விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, ஒரு நிபுணரின் முகத்தோடு தீர்ப்புச் சொன்னார்:

“அங்க ஏரி இல்ல, கொளம் இல்ல. தண்ணி இல்லாத எடத்துல ஆமை எப்படிம்மா இருக்கும்?”

சொன்னதோடு விடவில்லை. கோப்பில் தன் கையால் எழுதியும் வைத்தார்: ‘நீர்நிலை ஏதும் இல்லாததால் ஆமை இருக்க வாய்ப்பில்லை.’ அடியில் கையெழுத்து, அதற்கும் அடியில் பதவி முத்திரை. காட்டைக் காப்பதற்காக அரசாங்கம் பயிற்சி கொடுத்து, தொப்பியும் கொடுத்து வைத்திருந்த ஆள் அவர். விறகு வெட்டுகிற பெண்கள் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். கேட்பதற்கு ஜீப்பை விட்டு இறங்க வேண்டுமே.

தட்டச்சர் கோப்பில் குறிப்பு எழுத முடியாது. ஆனால் தபால் பதிவேடும் என் பொறுப்பில்தான் இருந்தது. ஆள் குறைவு என்று என் தலையில் கட்டியிருந்தார்கள். யார் மனுக் கொடுத்தாலும் முத்திரை குத்தி எண் போட வேண்டும். எண் விழுந்துவிட்டால், அந்த மனுவுக்கு ஒரு பதில் எழுதாமல், பெரிய அலுவலகத்திலிருந்து அனுமதி தருகிற மேலதிகாரி கோப்பில் கையெழுத்துப் போட மாட்டார். நான் பேசினால் சிரிக்கலாம். எண்ணைப் பார்த்துச் சிரிக்கிற துணிச்சல் அங்கே யாருக்கும் இல்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் அம்மாவின் பெயரில் மனு எழுதிப் படித்துக் காட்டினேன். வேலையையே நிறுத்த வேண்டும் என்று எழுதியிருந்தேன்.

“ஏன்டி நிறுத்தணும்? அந்த முள்ளு போனா நல்லதுதான். நெருப்பு வேணாம், மெஷினு வேணாம்னு எழுது. மழ பேஞ்ச அப்புறம் கையால வெட்டட்டும். அதையும் நாங்களே வெட்றோம், வெறகு எங்களுக்குன்னு சேத்து எழுது.”

“ஆமைக்கு மனு போட்டா நீ வெறகு கேக்கறியா?”

“நாறுற எடத்துல உங்க ஆபீசரா வந்து வெட்டப் போறாரு?”

அவள் சொன்னபடியே மாற்றி இரண்டு பிரதி எழுதினேன். ஸ்டாம்ப் பேடை நீட்டினேன். பள்ளிக்கூடத்தில் ரிப்போர்ட் கார்டில் அம்மாவின் கைரேகை இருக்கும் பக்கத்தை யாரும் பார்க்காதபடி மடித்து வைத்துக்கொண்டவள் நான். அன்று ரேகை ஒவ்வொன்றும் தெளிவாக விழும்படி அவள் விரலை நானே பிடித்து அழுத்தினேன்.

காலையில் ஆம்பூர் தபால் நிலையத்தில் ஒரு பிரதியை மேலதிகாரிக்குப் பதிவுத் தபாலில் சேர்த்தேன். மற்றதற்கு அலுவலகத்தில் முத்திரை குத்தி, எண் போட்டு, கோப்பில் கட்டினேன். ஹெட் கிளார்க் பார்த்ததும் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

“இந்தத் தாளை எடுத்துடும்மா. பேஜார் பண்ணாத. மாசக் கடைசில உனக்கு நீட்டிப்பு வரணுமா, வேணாமா?”

“பதிவேட்டுல ஏறிடுச்சு சார்.”

“தவறிப் போச்சுன்னு எழுதிக்கலாம்.”

“இன்னொன்னு மேல போயிருக்கு சார். பதிவுத் தபால்.” ரசீதைக் காட்டினேன்.

ரசீதின் தேதியைப் படித்துவிட்டு அவர் தன் மேஜைக்குத் திரும்பினார்; என் நீட்டிப்பு தொங்கலில் நின்றது.

மேலே போன கோப்பு அந்த வாரக் கடைசியில் திரும்பி வந்தது. மேலதிகாரி சிவப்பு மையில் எழுதியிருந்தார்: தீ வைக்கக் கூடாது, முதல் மழைக்குப் பின் மனுதாரரை உடன் அழைத்துச் சென்று மறு ஆய்வு செய்த பிறகே அனுமதி, முள்ளைக் கையால் வெட்டுவது பற்றி அப்போது முடிவு. அவருக்கு ஆமைகளின் மேல் பிரியம் வந்துவிட்டது என்று நான் நம்பவில்லை. கைநாட்டு வைத்த ஒரு காகிதத்துக்கு நாளைக்கு யாராவது பதில் கேட்டால் என்ன செய்வது என்ற பயம் வந்திருக்கும். பயந்தால் சட்டப்படி நடக்கிற மனிதர்களைப் பயமுறுத்துவதில் எனக்கு வெட்கம் இல்லை. ரேஞ்சர் சிவப்பு மையை இரண்டு முறை படித்தார். பந்தல் தேதி போயிற்று என்று செயலாளர் எழுந்து போனார்; போகும்போது என்னைப் பாப்பா என்று கூப்பிடவில்லை.

“மறு ஆய்வுக்கு ஒரு படிவம் குடும்மா,” என்றார் ஹெட் கிளார்க், என் முகத்தைப் பார்க்காமல்.

அலமாரியில் பழைய படிவம் ஒன்றுகூட இல்லை. முந்தைய நாள் மதியமே அந்த ஸ்டென்சிலையும் மிச்சமிருந்த படிவங்களையும் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு, புதிதாக ஒன்று வெட்டி, ஒரு கட்டு உருட்டி வைத்திருந்தேன். மேல் தாளை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். ‘ஆய்வில் கண்டவை’ என்று இருந்தது. அதற்குக் கீழே பத்து வரிகள், வெறுமையாக.