பங்குக் கிணற்றில் ஒரு குழாய்

எங்கள் மோட்டார் அறைச் சுவரில், ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்து ஆணியில், ஒரு குழாய்ச் சுருள் தொங்குகிறது. பாதி செம்பு, பாதி கறுப்பு ரப்பர். செம்புப் பகுதியை முறுக்குப் பிழிந்ததுபோல் வட்டம் வட்டமாக வளைத்திருக்கிறது. அது தண்ணீரில் கிடந்த காலத்தில் பச்சை பூத்து, பச்சையின் மேல் உப்பும் வெள்ளையாகப் படிந்துவிட்டது. இரண்டு முனையிலும் தக்கை அடைத்திருக்கிறது. பழைய இரும்பு எடுக்க வருகிறவர் அதைப் பார்த்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். செம்புக்கு நல்ல விலை தருகிறேன் என்கிறார். அது என் சகலையுடையது, அவர் வந்து கேட்டால் இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன். சகலை கேட்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவர் விஷயத்தில் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

சகலை என்றால் என் மனைவியின் தங்கை புருஷன். எங்கள் மாமனாருக்கு ஆண்பிள்ளை இல்லை. அவர் காலமான பிறகு நிலத்தை நடுவில் ஒரு வரப்புப் போட்டு இரண்டு மகள்களுக்கும் பிரித்தாயிற்று. கிணற்றை அப்படிப் பிரிக்க முடியாது. அதனால் ஒரு நாள் எங்கள் முறை, மறுநாள் அவர்கள் முறை என்று பேசிக்கொண்டோம். பேச்சுக்குத்தான் அந்த முறை. சகலை பெங்களூரில் ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தார். அவர்கள் பங்கு நிலத்தில் கருவேல் முளைத்துக் கிடந்தது. இரண்டு முறைத் தண்ணீரும் என் மல்லிகைக்குத்தான் பாய்ந்தது. பூ வருகிற காலமும் கிணறு வற்றுகிற காலமும் எங்கள் பக்கத்தில் ஒன்றுதான். பங்குனி, சித்திரையில் தண்ணீர் நின்றால் செடி நிற்கும். இல்லாவிட்டால் வருஷம் முழுக்கக் களை எடுத்ததும் கவாத்து வெட்டியதும் வீண்.

அப்படி இருக்கும்போது வேலை போய்விட்டது என்று சகலை குடும்பத்தோடு வந்து, கிணற்றடியில் இருக்கும் தோட்டத்து வீட்டில் குடியேறினார். இனி முறை கேட்பார் என்று நினைத்தேன். அதற்கு என்ன பதில் சொல்வது என்று மனதுக்குள் பேசிப் பழகிக்கூட வைத்திருந்தேன். எனக்குச் சட்டென்று வாய் வராது. ஆனால் அவர் வந்து சொன்னது வேறு.

"அண்ணே, தண்ணிய எப்பவும் போல நீங்களே பாச்சிக்கிருங்க. எனக்குக் கெணறு மட்டும் போதும்."

தண்ணீர் வேண்டாம், கிணறு போதும் என்று ஒரு மனிதன் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம்? சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.  முறை கேட்டிருந்தால்கூட அன்று இரவு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

சில நாளில் கிணற்றின் வடகிழக்கு மூலையில் இந்தக் குழாய் இறங்கியது. இரண்டு கறுப்புக் குழாய்கள் அவர் வீட்டு ஜன்னலுக்குள்ளிருந்து வந்து, கிணற்றுச் சுவரோடு இறங்கி, கீழே இந்தச் செம்புச் சுருளில் சேர்ந்தன. சுருளைக் கல் கட்டித் தண்ணீருக்குள் விட்டிருந்தார். நான் பார்த்தும் பார்க்காதவன்போல் பூப்பறித்தேன். ஆனால் ஊர் பார்த்துவிட்டது. பந்தல்குடி ரோட்டு டீக்கடையில் கடைக்காரன் கிளாசை வைக்கும்போதே ஆரம்பித்தான். சின்ன வயதிலிருந்து என்னோடு பழகியவன்.

"ஏலே, ஒஞ் சகலை கெணத்துல குழா எறக்கிருக்காராம்ல? பொதையல் எடுக்காரா, பக்கவாட்டுல தொளச்சு சைடு போர் போடுறாரா?"

"தெரியலப்பா."

"பங்குக் கெணத்துல தண்ணி எங்கிட்டோ போகுது, பங்காளிக்குத் தெரியலையாம். நீ பேசாமப் பூவப் பறிச்சுக்கிட்டு இருலே. கடைசியில அதத் தொடுத்து ஒனக்கே போட்ருவாரு."

அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். 

மறுநாள் மதியம், ஸ்பானர் கேட்கிற சாக்கில் அவர் வீட்டுக்குள் போனேன். மேசைமேல் கம்ப்யூட்டர் கூடு இல்லாமல், தோல் உரித்த ஆடுபோலத் திறந்து கிடந்தது. அதில் செங்கல் நீளத்துக்கு ஒரு அட்டை. அதன் நடுவில் சாம்பல் நிறப் பசையை மெல்லிசாகத் தடவி, மேலே ஒரு செம்புக் கட்டியை வைத்துத் திருகிக்கொண்டிருந்தார். செம்புக் கட்டியில்தான் கிணற்றுக்குள் போகிற குழாய்கள் வந்து சேர்ந்தன. பிறகு எதையோ தட்டினார். திரையில் ஒரு காடு வந்தது. பெரிய அருவி கொட்டியது. ஜன்னலுக்கு வெளியே கரிசல் பிளந்து கிடக்கிறது, உள்ளே அருவி. மூலையில் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"என்ன படம் சகல இது?"

"படமில்லண்ணே. இத வரையச் சொல்லி இந்தக் கார்டை வெரட்டுறேன். எம்புட்டு வேகமா வரையுதோ அம்புட்டு மார்க்கு."

"மார்க்கு யாருக்கு?"

"கார்டுக்குத்தான். ஒலகம் பூராவும் இத ஓட்டி மார்க்கு வாங்கி லிஸ்ட்டுல போடுவாங்க."

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். மார்க்கு வாங்காததற்கு அடி வாங்கியது ஞாபகம் இருக்கிறது. ஓர் அட்டைக்கு மார்க்கு வாங்கிக் கொடுக்க, மீசை நரைக்கத் தொடங்கிய ஒரு மனிதர் பெங்களூரிலிருந்து வந்து கிணற்றடியில் உட்கார்ந்திருக்கிறார் என்பதை எப்படி நம்புவது? அவர் என்னவோ பொறுமையாகத்தான் சொன்னார். கார்டு செய்கிற கம்பெனிக்காரன் இவ்வளவு வேகம்தான் ஓடலாம் என்று மட்டுப்படுத்தி அனுப்புவானாம். இவர் அதற்கு மேல் முடுக்குவாராம். முடுக்கினால் சூடு ஏறும், சூடு ஏறினால் அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டு பம்மிவிடும். பம்மவிடாமல் குளிர வைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்றார். காற்றாடி வைத்துப் பார்த்தாராம், எங்கள் ஊர் மதியத்தில் காற்றாடி ஊதுவதும் அனல்தான். பாளையம்பட்டியில் ஐஸ் வாங்கி வந்தும் பார்த்திருக்கிறார். அது குளிர்ந்து, வேர்த்து, வேர்வை உள்ளே இறங்கி ஒரு கார்டு செத்தே போனதாம்.

"கெணத்துக்குள்ள எப்பவும் ஒரே குளுமைதானண்ணே? சூட்டக் கொண்டுபோயி கீழ விட்டுட்டு, குளுமைய மேல கொண்டாருது. தண்ணிய எடுக்கல."

குழாய் கீழே போகிறது, மேலே வருகிறது, ஆனால் தண்ணீர் எடுக்கவில்லை. என் வாழ்நாளில் கிணற்றுக்குள் இறங்கிய குழாய் எல்லாம் தண்ணீர் எடுக்கத்தான் இறங்கியது. ஸ்பானரை வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

பங்குனி பிறந்ததும் தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. கிணற்றுப் படிக்கல்லை அடையாளம் வைத்துப் பார்ப்பது என் வழக்கம். நேற்று நனைந்திருந்த கல் இன்று காய்ந்திருக்கும். காலையில் எழுந்ததும் முதலில் அந்த மூலையைப் பார்ப்பேன். பிறகுதான் முகம் கழுவுவேன். "எந் தங்கச்சி வாசல்ல கோலம் போடுறதுக்கு முன்னாடி நீங்க போயி நிக்கீக, அவ என்ன நெனப்பா?" என்று மனைவி கேட்டாள். நினைக்கட்டும் என்று இருந்தது. குழாயை அறுத்து எறிந்துவிட்டால் இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுவிடும். விட்டுவைத்தால் செடி போய்விடும். எதையும் நேரில் கேட்கத் தெரியாதவனுக்கு இரண்டும் கஷ்டம்.

கடைசியில் ஒரு நாள் கேட்டுவிட்டேன். அவர் வீட்டுப் பின்பக்கம் வெள்ளைக் கேன்கள் காலியாகக் கிடந்தன. களவெடுத்த தண்ணீரை அவற்றில்தான் பிடிக்கிறார் என்று தோன்றியதும் எங்கிருந்தோ தைரியம் வந்தது.

"சகல, அந்தக் குழாய்ல ஓடுறதுல ஒரு தம்ளர் பிடிச்சுத் தாங்க."

எங்கள் பக்கத்தில் தண்ணீரை நாக்கால் அடையாளம் சொல்லிவிடலாம். எங்கள் கிணறு உப்பு, விழுங்கிய பிறகு அடித்தொண்டையில் ஒரு கடுப்பு நிற்கும். கிழக்குத் தோட்டத்துக் கிணறு துவர்ப்பு. ரோட்டோரக் கிணறு சப்பென்று இருந்தாலும் கடைசியில் உப்பைக் காட்டிவிடும். கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தாலும் சொல்வேன். அவர் ஓட்டத்தை நிறுத்தி, குழாயைக் கழற்றித் தம்ளரில் பிடித்துக் கொடுத்தார். ஒரே மடக்கில் குடித்தேன்.

ருசியே இல்லை. உப்பு இல்லை, துவர்ப்பு இல்லை. மழைத்தண்ணீரில்கூட ஓட்டு ருசி, தகர ருசி என்று ஏதாவது இருக்கும். இது வாயில் ஒன்றும் விட்டுவைக்காமல் போனது.

"எந்த ஊருத் தண்ணி இது?"

"கடைல வாங்குனதுண்ணே. பேட்டரிக்கு ஊத்துற தண்ணி. நம்ம உப்புத் தண்ணிய விட்டா, ஒங்க பைப்புல வெள்ளையாப் படியுதுல்ல, அது மாதிரி உள்ள அடச்சுக்கிரும். ஒரு தடவ ஊத்துனா அதேதான் சுத்திக்கிட்டு இருக்கும். நாக்குல வச்சுப் பாப்பீகன்னு நெனச்சேன், இப்பிடி மொத்தமாக் குடிச்சிட்டீகளே."

பேட்டரி என்றதும் ஆசிட் என்றுதான் எனக்குப் பட்டது. தொட்டிக்கு ஓடி வாய் கொப்பளித்தேன். கதவுக்குப் பின்னாலிருந்து கொழுந்தியாள் சிரித்தாள். "அத்தானத் தொட்றாதீக, சாக் அடிச்சிரும்." சகலைதான், அது சுத்தமான தண்ணீர், ஒன்றும் செய்யாது என்று சொல்லித் தோளில் கை வைத்தார். அவர் குழாயை மாட்டி மறுபடி ஓடவிட்டதும் இரண்டையும் தொட்டுப் பார்த்தேன். கீழே போவது வெதுவெதுப்பு, மேலே வருவது குளிர்ச்சி.

தண்ணீர் எடுக்கவில்லை என்று அன்றைக்கு உறுதியானது. அதோடு மனம் அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை. இவ்வளவு சூட்டையும் கிணற்றுக்குள் விட்டால் மல்லிகை வேர் வெந்துவிடாதா என்று யோசிக்க ஆரம்பித்தேன். வாய்க்காலில் கை வைத்துப் பார்ப்பது ஒரு வேலையாகிவிட்டது. டீக்கடைக்காரன் இதைக் கேட்டுவிட்டு, செடியில் வெந்த பூவே பூக்கும், சென்ட் கம்பெனிக்காரனுக்குக் கொதிக்க வைக்கிற செலவு மிச்சம் என்றான்.

சித்திரை நடுவில் சகலை கிணற்று மேட்டில் முகம் தொங்கி உட்கார்ந்திருந்தார். நானாகப் போய் யாரிடமும் என்ன என்று கேட்கிறவன் இல்லை. அன்று கேட்டேன்.

"லிஸ்ட்டு போடுறவங்க நம்ப மாட்டேங்கிறாங்கண்ணே. அருப்புக்கோட்டை வெயில்ல, ஏசி இல்லாம, கார்டு இம்புட்டுக் குளுமையா இருக்க முடியாதாம். நான் பொய் நம்பர் போட்டுட்டேனாம். லிஸ்ட்டுல இருந்து எடுத்துருவோம்ங்கிறாங்க."

"எடுத்தா எடுத்துட்டுப் போறாங்க."

"கோயம்புத்தூர்ல ஒருத்தரு அந்த லிஸ்ட்டப் பாத்துத்தான் வேலைக்குக் கூப்பிட்ருக்காரு. பொய்யின்னு எடுத்துட்டா, பெறகு யாரு கூப்பிடுவா?"

எனக்குக் கோபம் வந்தது. அவரைச் சந்தேகப்பட இங்கே நான் இருக்கிறேன். பங்குக் கிணற்றுக்காரன், எனக்கு அதற்குப் பாத்தியதை உண்டு. கிணற்றையே பார்க்காதவர்கள் எங்கோ உட்கார்ந்துகொண்டு எப்படிச் சந்தேகப்படலாம்?

குழாய் போகிற வழியையும் கிணற்றுத் தண்ணீரின் குளிர்ச்சியையும் வீடியோ எடுத்து அனுப்பினால் பார்க்கிறோம் என்று சொல்லியிருந்தார்கள். யாராவது கீழே இறங்கி, சுருளைத் தூக்கிக் காட்டி, தண்ணீரில் சூடு பார்க்கும் கருவியை வைக்க வேண்டும். சகலைக்கு எட்டிப் பார்த்தாலே தலை சுற்றும். நான் இறங்கினேன். போட்டோ என்றால் எனக்கு ஆகாது, கல்யாணப் போட்டோவிலேயே தரையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். கீழே படிக்கல்லில் நின்று, ஒரு கையில் சுருளையும் ஒரு கையில் கருவியையும் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தேன். சதுரமாகத் தெரிந்த வானத்தின் ஓரத்தில் கொழுந்தியாளின் கையும் செல்போனும் தெரிந்தன.

"மூஞ்சியக் காட்டுங்கண்ணே. ஏதாச்சும் பேசுங்க" என்றார் சகலை மேலேயிருந்து.

"என்ன பேச?"

"ஒங்களுக்குத் தெரிஞ்சதச் சொல்லுங்க."

தெரிந்ததைச் சொன்னேன். "இது எங்க மாமனார் கெணறு. பாதி எங்களுக்கு, பாதி அவுகளுக்கு. இந்தக் குழா சும்மா சுத்துது. தண்ணி எடுக்கல. நான் குடிச்சுப் பாத்துட்டேன்."

கிணறு அதைத் திருப்பிச் சொன்னது. என் குரல் அவ்வளவு சத்தமாக ஒலித்து நான் கேட்டதே இல்லை. மேலே ஏறி வந்ததும் சகலை என் கையிலிருந்து கருவியை வாங்கிக்கொண்டார்.

"அவுங்க கேட்டது சூட்டப் பத்திண்ணே. தண்ணி எடுக்கிறதப் பத்தி யாரும் கேக்கல."

"எனக்குத் தெரிஞ்சது அதுதான்" என்றேன்.

நான் பேசியதற்கு ஆங்கிலத்தில் எழுத்துப் போட்டு அனுப்பினார். மார்க்கு லிஸ்ட்டிலேயே நிலைத்தது. அந்தக் கிணறு எங்கே விலைக்குக் கிடைக்கும் என்று ஏதோ பனி பெய்கிற ஊர்க்காரர் ஒருவர் கேட்டாராம். வேலைக்குக் கூப்பிட்டவரும் மனம் மாறவில்லை. ஆடி பிறந்ததும் கிளம்பினார்கள். கார்டைத் துண்டில் சுற்றி, கைப்பிள்ளையைப்போல் மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார் சகலை. குழாயை எடுத்துப் போகச் சொன்னேன். "அங்க கெணறு ஏதுண்ணே, இருக்கட்டும்" என்றார். அதையும் நான் சும்மா விடவில்லை. ஒருவர் ஒரு பொருளை விட்டுவிட்டுப் போகிறார் என்றால் இடம் பிடித்து வைக்கிறார் என்றுதானே அர்த்தம்? "அவுக எடத்துல அவுக பொருள் கெடக்கு. ஒங்களுக்கு எங்க வலிக்கி?" என்றாள் மனைவி. ஆனாலும் நான்தான் சுருளை மேலே இழுத்து, தக்கை அடைத்து, மோட்டார் அறையில் மாட்டினேன்.

இந்த வருஷமும் பங்குனியில் தண்ணீர் இறங்கியது. போன வருஷத்தைவிட வேகமாக இறங்குகிறது. காலையில் எழுந்ததும் என் கால் அந்த வடகிழக்கு மூலைக்குத்தான் போகிறது. அங்கே சுவரில் குழாய் உரசிய தடம் மட்டும் இருக்கிறது. நேற்றும் அப்படி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பூக்கூடையோடு வந்த மனைவி, "யாரத் தேடுறீக?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள்.

மோட்டார் அறைக்குள் போய்ச் சுருளை ஆணியிலிருந்து எடுத்தேன். ஆட்டிப் பார்த்தால் உள்ளே தண்ணீர் குலுங்கியது. தக்கையைப் பிடுங்கிச் சாய்த்ததும் ஒரு கை அளவுக்கு வந்தது. வாயில் வைத்தேன். கொஞ்சம் செம்பு வாசம், அவ்வளவுதான். உப்பு இல்லை. தக்கையை அடைத்துத் திரும்ப மாட்டினேன். பக்கத்தில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் என் மல்லிகைக்குப் போய்க்கொண்டிருந்தது. பேசிக்கொண்டபடி பார்த்தால், நேற்று அவர்கள் முறை.