காவேரிப்பாக்கம்: முழங்கால் ஆழத்தில் தண்ணீர்

வேலூரில் என்னோடு வேலை செய்யும் நர்ஸ் ஸ்டெல்லாவுக்கு, காவேரிப்பாக்கத்தில் அப்பா விட்டுப்போன நிலத்தின் நடுவில் வீடு கட்ட ஆசை. அங்கே பயிர் செய்யும் அவள் அண்ணன் அருள் வேண்டாம் என்றே சொல்லிவந்தார். பங்கு கொடுக்க மனசில்லை என்று அவள் நினைத்தாள். நேரில் பேசப் போகிறேன், துணைக்கு வா என்றாள். மாசி மாதத்து ஞாயிறு, சர்ச் முடிந்ததும் கிளம்பினோம்.

வாலாஜாபேட்டை வழியாக பஸ்ஸில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். ஊரில் இறங்கி, ஆளுக்கு இருபது ரூபாயில் ஷேர் ஆட்டோ. ஏரியின் கீழ்ப்பக்கம்தான் நிலம்.

பார்க்க நல்ல மணல்சாரி மண். காலடியில் தூசி பறந்தது. அள்ளிப் பிடித்தால் உருண்டையாக நின்றது, விரல் பட்டதும் உதிர்ந்தது. இங்கே வீடு கட்டினால் என்ன என்று ஸ்டெல்லா அண்ணனைக் கேட்டாள். அருள் மண்வெட்டியை எடுத்துவந்து அவள் காட்டிய இடத்திலேயே வெட்டத் தொடங்கினார்.

முதல் ஓர் அடி பழுப்பு மண். அதன்கீழே சாம்பல் நிறம். பழைய வேர்கள் ஓடிய இடமெல்லாம் துருப்பிடித்த கம்பிபோல் ஆரஞ்சுக் கோடுகள். முழங்கால் ஆழத்தில் களிமண் தட்டியது. அப்புறம் நான் பார்த்ததை இன்னும் மறக்க முடியவில்லை. குழியின் நாலு பக்கமும் வியர்த்தது. சத்தமே இல்லாமல் தண்ணீர் ஊறி, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடியை மூடியது. மழை நின்று மாதங்களாகியும் அந்தக் காய்ந்த தரைக்குக் கீழே இவ்வளவு ஈரம் காத்திருந்திருக்கிறது.

இரண்டு தடவை போட்ட வேர்க்கடலை மண்ணுக்குள்ளேயே அழுகிவிட்டதாம். நெல் மட்டும்தான் இங்கே நிற்கும் என்றார் அருள்.

"இத ஏண்ணா சொல்லல?"

"சொன்னா, தராம இருக்கறதுக்குச் சாக்குன்னுவ. ரோட்டோரம் மேடு இருக்குதே, அத நீ எடுத்துக்கோ. எனக்கு நெல்லுக்கு இது போதும்."

மேட்டிலும் அதே ஆழத்துக்கு ஒரு குழி வெட்டினார். ஸ்டெல்லா குனிந்து அடிமண்ணை அள்ளினாள். உலர்ந்து உதிர்ந்தது. எழுந்து அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

மனை பார்க்கப் போகிறவர்களுக்கு: மேல்மண்ணை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். ஒரு குழி வெட்டச் சொல்லுங்கள். அரை மணி நேரம் பக்கத்திலேயே இருங்கள். சாம்பல் மண்ணில் துருக்கோடு தெரிந்தால், கோடையில் எவ்வளவு காய்ந்திருந்தாலும், அது தண்ணீர் வடியாத இடம். முடிந்தால் ஐப்பசி மழையிலும் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

ஸ்டெல்லாவின் வீடு இப்போது மேட்டில் ஜன்னல் உயரத்துக்கு வந்திருக்கிறது. கீழே அருள் நாற்று நட்டிருக்கிறார்.