டைபர்னில் கழற்றிய சப்பாத்து

மார்பிள் ஆர்ச் பக்கம், சாலை நடுவே உள்ள மேடையில், டைபர்ன் மரம் நின்ற இடத்தைக் காட்ட ஒரு வட்டக் கல் பதித்திருக்கிறார்கள். மரமென்றால் தூக்குமரம். கத்தோலிக்க வேதத்தை விடமாட்டோம் என்ற குருக்களையும், அவர்களுக்கு வீட்டில் இடம் கொடுத்தவர்களையும் அங்கேதான் கொன்றார்கள். உயிரைக் கொடுத்தவர்களுக்கு இந்த நகரம் கொடுத்தது அந்தக் கல் மட்டும். அதையும் பச்சை விளக்கு வந்தால்தான் போய்க் கும்பிடலாம்.

வருடாவருடம் என் கணவரோடுதான் போவேன். ஆங்கிலேய அரசன்தான் திருச்சபைக்குத் தலைவன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பலர் தப்பியிருப்பார்கள் என்று, நான் முதல்முறை கேட்பதுபோல ஒவ்வொரு முறையும் விளக்குவார். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருக்கலாமே என்று நானும் ஒவ்வொரு முறையும் சொல்வேன். அவருக்குக் கோபம் வரும். எனக்கு அதில் ஒரு சந்தோசம்.

தை மாதம் இவருக்கு மாரடைப்பு வந்தது. பங்குக் கோயில் ஆட்களுக்கும் கவுன்சில் அலுவலகத்துக்கும் செய்தி சொன்னவள் மகள். இறந்துவிட்டார் என்ற சொல் என் வாயில் வரவே இல்லை. யாராவது விசாரித்தால் பேச்சை மாற்றிவிடுவேன். அதைச் சொல்லப் பலம் கேட்கத்தான் இந்த முறை போனேன். வேறு வீட்டில் இருக்கும் மகளையும் போனில் வரச் சொன்னேன். "இண்டைக்கு ஷிப்ட் அம்மா, ஏலாது" என்றாள். வீடு இருக்கும் பிளேஸ்டோவிலிருந்து தனியாக ரயில் ஏறினேன். பக்கத்து இருக்கையில் கைப்பையை வைத்துக்கொண்டேன்.

எங்கள் ஊரான மன்னாரில், வேதத்துக்காக உயிர்விட்ட வேதசாட்சிகளின் மண்ணில் நாங்கள் செருப்போடு நிற்பதில்லை. இங்கேயும் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் கல்லருகே முழந்தாளிட்டேன். இவர் பக்கத்தில் இருந்தபோது யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. இரண்டு பேர் முழந்தாளிட்டால் அது செபம். ஒரு கிழவி தனியே முழந்தாளிட்டால் விழுந்துவிட்டாள் என்றுதான் நினைக்கிறார்கள்.

ஒரு வெள்ளைக்காரப் பெண் ஓடிவந்து என் தோளைப் பிடித்தாள். நான் விழவில்லை என்றேன். அவள் நம்பவில்லை. வீட்டாரைக் கூப்பிடுகிறேன், நம்பரைச் சொல்லுங்கள் என்றாள். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது ஒரே ஒரு நம்பர். யோசிக்காமல் சொல்லிவிட்டேன். போனைக் காதில் வைத்துப் பார்த்தவள், அந்த நம்பர் இப்போது பாவனையில் இல்லையாம், யாருடையது என்று கேட்டாள். கணவருடையது, அவர் வேலையில் நிற்கிறார் என்றேன். அந்த இடத்தில் முழந்தாளில் இருந்துகொண்டே பொய் சொன்னேன்.

தான்தான் பிழையாகக் கேட்டிருக்க வேண்டும் என்று அவள் மன்னிப்புக் கேட்டாள். இன்னொரு தரம் மெதுவாகச் சொல்லச் சொன்னாள். தொடங்கினேன். பாதி நம்பரில் நிறுத்திவிட்டேன்.

"வேண்டாம் பிள்ளை. அவர் செத்துப்போனார்."

தமிழில்தான் வந்தது. அவளுக்கு விளங்கவில்லை, என்னவென்று கேட்டாள். ஆங்கிலத்தில் இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது. அவள் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அப்படியென்றால் வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள்.

ஒருவருமில்லை என்றேன். அதையும் அன்றுதான் முதன்முதலாகச் சொன்னேன்.