சாப்பிடாமலே ஏறிய சர்க்கரை

1. தொப்பையும் தொழிலும்

சிங்கப்பூரில் ஓர் அரசாங்கப் பாலிகிளினிக்கில் நீரிழிவுத் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஊசி போடக் கற்றுக்கொடுப்பது, ரீடிங் பார்ப்பது, வாயைக் கட்டச் சொல்வது, இவைதான் என் வேலை. மூன்றாவதை ஆரம்பித்ததும் எதிரில் இருப்பவரின் பார்வை என் முகத்திலிருந்து மெல்ல இறங்கித் தொப்பையில் போய் நிற்கும். எனக்கும் சர்க்கரை உண்டு. மாத்திரையில் வண்டி ஓடுகிறது. இந்தத் துறைக்கு வரும் இளம் தாதிகள் என்னைப் போல் இல்லாமல் கொஞ்சம் ஒல்லியாக இருந்தால் பாதி வேலை மிச்சம்.

புக்கிட் பாத்தோக்கிலிருந்து கதிரேசன் அண்ணனும் ருக்மணி அக்காவும் வருவார்கள். அண்ணன் ஏர்கான் டெக்னீஷியனாக இருந்தவர். காலையும் இரவும் இன்சுலின் ஊசி. அவருடைய காலை ரீடிங் மட்டும் இறங்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தது.

"தம்பி, இவர் ராத்திரி திருடித் திங்கிறார். ஃபிரிட்ஜுக்கு டேப் ஒட்டிட்டேன். அப்பயும் காலைல பதினொண்ணு காட்டுது. எங்க ஒளிச்சு வச்சிருக்கார்னு நீங்களே கேளுங்க," என்றார் அக்கா. பதினொன்று என்றால் தமிழ்நாட்டுக் கணக்கில் கிட்டத்தட்ட இருநூறு.

"நான் எதையும் தொடல லா. சத்தியமா," என்றார் அண்ணன்.

அவர் சொன்னது உண்மையாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. எனக்கு உற்சாகம் பொங்கியது. நானே வண்ணம் தீட்டிய படத்தை எடுத்து விரித்தேன்.

"அக்கா, கணையத்திலேர்ந்து ரெண்டு ஹார்மோன் வருது. ரத்தத்துல இருக்கிற சர்க்கரையை உள்ள அனுப்புறது இன்சுலின். சர்க்கரை குறைஞ்சா, ஈரல்ல சேத்து வச்சதை வெளிய எடுத்து விடச் சொல்றது குளுக்ககான். விடியக்காலைல கார்ட்டிசால் மாதிரி வேற ஹார்மோனும் ஏறும். நாம எந்திரிக்கப் போறோம்னு ஈரல் சர்க்கரையை ரத்தத்துல விட்டுடும். இன்சுலின் பத்தலைன்னா அது அப்படியே ரீடிங்ல தெரியும்."

அக்கா பொறுமையாகக் கேட்டார். "அப்ப இவர் திங்கல, இவரோட ஈரல் எந்திரிச்சுப் போய்த் திங்குதா?"

"அப்படி இல்லக்கா..."

"ஆம்பளைக்கு ஆம்பளை நல்லா சப்போர்ட் பண்றீங்க தம்பி," என்றவரின் கண் என் தொப்பைக்கு இறங்கியது. படத்தை மடித்து வைத்தேன். அண்ணன் எழுந்து வெளியே போனார். டாக்டர் ஊசி அளவைப் பார்ப்பதற்குத் தேதி வாங்கிக் கொடுத்ததோடு என் வீரம் முடிந்தது.

2. திரையில் என் ரத்தம்

அந்தத் தேதிக்கு முன்பே, லிட்டில் இந்தியாவில் ஒரு சங்கத்தின் மண்டபத்தில் எங்களுடைய நீரிழிவுக் கூட்டம் வந்தது. நம்மவர்கள் நடத்தும் நீரிழிவுக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. பேச்சு முடிந்ததும் கேசரியும் வடையும் கொடுப்பார்கள். "விருந்தாளிங்களை வெறும் வாயோட எப்படி சார் அனுப்புறது?" என்று தொண்டூழியர்கள் என்னையே திருப்பிக் கேட்பார்கள்.

என் மேலதிகாரி செல்வராணி மேடத்துக்கு ஒரு யோசனை தோன்றியது. "சேகர், நீங்க கையில சர்க்கரை அளக்கிற சென்சார் ஒட்டிக்கோங்க. ரீடிங்கை ஸ்கிரீன்ல லைவ்வா காட்டுவோம். மக்கள் நல்லா ரசிப்பாங்க."

ரசித்தார்கள். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

திரையில் அழகான எண் வர வேண்டும் என்ற ஆசையில் நான் காலைப் பசியாறவில்லை. வீட்டை விட்டுக் கிளம்பும்போது ஆறு. தமிழ்நாட்டுக் கணக்கில் நூற்றெட்டு. எனக்கு அது பெரிய சாதனை. மண்டபத்துக்குப் போனதும் கேசரியில் சர்க்கரையைக் குறைத்திருக்கிறார்களா என்று பார்க்கப் பின்கட்டுக்குப் போனேன். பார்த்தேன், முகர்ந்தேன், திரும்பினேன். அவ்வளவுதான்.

மண்டபம் நிறைந்திருந்தது. எனக்கு நோயாளியோடு மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து பேச வரும். மேடை என்றால் பயம். மைக்கைப் பிடித்தேன். உள்ளங்கை நனைந்தது. பேசப் பேச எனக்குப் பின்னால் இருந்த திரையில் எண் ஏறியது. ஏழு, எட்டு, ஒன்பதைத் தாண்டி, பக்கத்தில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி வேறு. நான்தான் கடைசியாகப் பார்த்தேன்.

"சார் கேசரி ரூம் பக்கம் போயிட்டு வந்தாரே!" என்றது ஒரு குரல். மண்டபம் அதிர்ந்தது.

"சத்தியமா நான் சாப்பிடல!" என்றேன் மைக்கில். சிரிப்பு இரண்டு மடங்கானது. செல்வராணி மேடம்கூடக் கிட்டே வந்து, "சேகர், உண்மையைச் சொல்லுங்க, டேஸ்ட் பாத்தீங்களா?" என்று கிசுகிசுத்தார். முதல் வரிசையில் ருக்மணி அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்தார். "எங்க வீட்டுக்காரர் சொல்ற அதே டயலாக்!"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை வருடம் சர்க்கரையைப் பற்றிப் பாடம் நடத்தியவன், சாப்பிடாததைச் சாப்பிடவில்லை என்று ஒருவரிடமும் நிரூபிக்க முடியாமல் நின்றேன்.

3. இனிப்புத் தே-ஓ

சிரிக்காத ஒரே ஆள் கதிரேசன் அண்ணன். என் வேதனை புரிந்த ஒரே மனிதர் என்று நன்றியோடு அவரைப் பார்த்தேன். அந்த ஏர்கான் குளிரிலும் அவர் சட்டை நனைந்திருந்தது. கை நடுங்கியது. கண் எங்கோ நின்றது.

மைக்கைப் போட்டுவிட்டு இறங்கி ஓடினேன். விரலில் குத்திப் பார்த்தால் மூன்றுதான். நான்குக்குக் கீழே போனாலே ஆபத்து. நல்லவேளை, நினைவு இருந்தது, விழுங்க முடிந்தது. தொண்டூழியர் ஒருவர் கேசரித் தட்டோடு ஓடிவந்தார்.

"கேசரி வேணாம், நெய் இருக்கு, சர்க்கரை மெதுவாத்தான் ஏறும். தே-ஓ கொடுங்க, சர்க்கரை நல்லாப் போட்டு, ஆத்தி!"

பால் இல்லாத அந்த டீயைக் குடிக்க வைத்தேன். கால் மணி நேரம் கழித்து மறுபடி குத்தினேன். ஐந்துக்கு வந்திருந்தது. ரொட்டியும் கொடுத்தேன். அண்ணனுக்குப் பேச்சு தெளிந்தது.

"நேத்து ராத்திரி சாப்பிடல. காலைலயும் சாப்பிடல. ஊசி மட்டும் போட்டுக்கிட்டேன். ஒண்ணுமே திங்காம இருந்தா, அப்பவாவது இவ நம்புவாளான்னு பாத்தேன்."

அக்காவின் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. "பக்கத்துல உக்காந்துக்கிட்டு சிரிச்சேனே," என்றார். அவர் கையில் இருந்த துண்டால் அண்ணனின் நெற்றியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

அப்போது திரையில் என் எண் பத்தைத் தாண்டியிருந்தது. அதைக் காட்டினேன். "அக்கா, நான் ஓடினேன், பயந்தேன். பயந்தா அட்ரினலின் ஏறும், அது ஈரலைச் சர்க்கரை விடச் சொல்லும். இப்ப ஏறினதும் அதுதான், அப்ப மேடையில ஏறினதும் அதுதான். அண்ணனுக்கு விடியக்காலைல நடக்கறது வேற ஹார்மோன், ஆனா அதே ஈரல்தான். அவருக்கு இப்படி இறங்கினதுக்குக் காரணம் ஊசி. சாப்பாடு வரும்னு நம்பிப் போடற ஊசிக்கா அது. சாப்பிடலன்னா ஆளைக் கீழ தள்ளிடும். ஈரலால அதை எதிர்த்து நிக்க முடியாது."

அக்கா திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முதல் தடவையாக அவர் கண் என் தொப்பைக்கு இறங்கவில்லை.

4. பிறகு

டாக்டர் அண்ணனுடைய ஊசி அளவையும் நேரத்தையும் மாற்றினார். காலை ரீடிங் ஒரேயடியாக இறங்கிவிடவில்லை, ஆனால் இறங்கியது. என்றாவது ஏறினால், "அது ஈரலா இருக்கும், டாக்டர்கிட்ட சொல்லுவோம். நீங்க முதல்ல பசியாறுங்க," என்று அக்காவே சொல்வதாக அண்ணன் சொன்னார். ஃபிரிட்ஜில் டேப் ஒட்டிய பசை மட்டும் இன்னும் போகவில்லையாம்.

அன்று கூட்டம் கலைந்தபின் நான் ஒரு துண்டு கேசரி சாப்பிட்டேன். இரண்டு என்றும் சொல்லலாம். சென்சார் மேடத்தின் போனோடு இணைந்திருந்ததை மறந்துவிட்டேன். எம்ஆர்டி ரயிலில் உட்கார்ந்ததும் அவரிடமிருந்து செய்தி வந்தது: "சேகர், இது ஈரல் இல்லதானே?"

இளம் தாதிகளுக்கு ஒன்றுதான் சொல்வேன். ரீடிங் ஏறியிருந்தால், "என்ன சாப்பிட்டீங்க?" என்று போலீஸ்காரரைப் போல ஆரம்பிப்பது நம் தொழில் வழக்கம். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு நான் அதை விட்டுவிட்டேன். எதிரில் இருப்பவர் பட்டினியாகக்கூட இருக்கலாம். நம்மிடம் நல்ல பேர் வாங்குவதற்காக, அல்லது வீட்டில் ஒருவர் நம்ப வேண்டும் என்பதற்காக. அதனால் முதல் கேள்வியை மாற்றிக்கொண்டேன்.

"சாப்பிட்டீங்களா?"