லாஃபாயியின் முறை

பெத்தேலோவின் வீட்டு வாசலில் அவன் அண்ணன் லாஃபாயி எட்டு மாதமாகப் படுத்திருக்கிறான். மேலே சிமெண்டு, அதற்கு மேலே வெள்ளை ஓடு, அதற்கும் மேலே, அதே வாசலைப் பகிரும் பக்கத்து வீட்டு அண்ணி மசினா காயப்போட்ட கொக்கோ விதை. எங்கள் சவாயி தீவில் செத்தவர்களை ஊருக்கு வெளியே துரத்துகிற வழக்கம் கிடையாது. வீட்டுக்கு முன்னாலேயே வைத்துக்கொள்வோம். மேலே உட்கார்ந்து சீட்டாடவும் வசதி.

செவ்வாய், வியாழன், சனி. இந்த மூன்று நாளும் மாலை ஜெபத்துக்குச் சங்கு ஊதும் முன்னால் பெத்தேலோ வெளியே வருவான். ரோட்டை இப்படியும் அப்படியும் பார்ப்பான். கல்லறையின் தலைமாட்டில் சின்ன வெள்ளை மாத்திரை ஒன்றை வைப்பான். கோழி திருடியவன் மாதிரி உள்ளே ஓடிவிடுவான். விடிந்து பார்த்தால் மாத்திரை இருக்காது.

அது கொலஸ்ட்ரால் மாத்திரை. செத்தவனுக்குக் கொழுப்புக் குறைந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்டால், அந்தக் கேள்வியைப் பெத்தேலோவே தினம் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். பதில்தான் வரவில்லை. மாத்திரை மட்டும் தவறாமல் போய்க்கொண்டிருந்தது.

எல்லாம் ஒரு மரியாதையில் ஆரம்பித்தது. எங்கள் பக்கம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வாசலில் எவன் போனாலும், அவன் நேற்று நம்மை அடித்தவனாகவே இருந்தாலும், "வா, சாப்பிடு" என்று கூப்பிட்டாக வேண்டும். அவனும், "வயிறு நிறைஞ்சிருக்கு, நீங்க சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாக வேண்டும். கூப்பிடாதவன் கஞ்சன், வந்து உட்காருகிறவன் வெட்கங்கெட்டவன். லாஃபாயிக்கு ஐம்பத்தெட்டு வருஷத்தில் ஒருதரம்கூட வயிறு நிறைந்ததில்லை. கூப்பிட்டால் வந்துவிடுவான். அதனால் ஊரில் பாதிப் பேர் அவன் வரும் நேரம் பார்த்து, சுவரில்லாத வீட்டுக்குச் சுவராகத் தொங்கும் திரைப்பாயை இறக்கிவிடுவார்கள்.

பெத்தேலோவுக்கு சர்க்கரை என்று தெரிந்து சில வருஷம் கழித்து, கொழுப்பும் ஏறியிருக்கிறது என்று மாவட்ட ஆஸ்பத்திரியில் இரண்டாவது மாத்திரை ஒன்று கொடுத்தார்கள். முதல் நாள் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அதை உள்ளங்கையில் வைத்திருக்கும்போது லாஃபாயி வாசலில் போனான். பெத்தேலோ சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்குமா?

"அண்ணே, வா, சாப்பிடு!"

லாஃபாயி வந்தான். "என்னடா இது, பல்லி முட்டையா?"

"கொழுப்பு மாத்திரை."

"உனக்கு மட்டுமா கொழுப்பு? எனக்குத்தான் ஊரே சொல்லுது, கொழுப்புடா உனக்குன்னு." எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

லாஃபாயிக்கும் சர்க்கரை உண்டு. ஒருதரம் ஆஸ்பத்திரிக்குப் போய் அதைத் தெரிந்துகொண்டு வந்தவன், மறுபடி அந்தப் படி ஏறவில்லை. அப்பாவின் காலை அங்கேதான் எடுத்தார்கள். தம்பியின் சர்க்கரை மாத்திரையைக்கூட ஒருநாள் தின்று பார்த்தான். வயிறு கலக்கி, துறைமுகத்தில் தான் ஓட்டுகிற பஸ்ஸை நிறுத்திவிட்டு மூன்று தடவை ஓடினான். அதோடு அதைக் கைகழுவினான். வெள்ளை மாத்திரைதான் பிடித்துப்போயிற்று. தனக்கென்று தனியாக வைத்துத் தின்பது பெத்தேலோவுக்கும் தொண்டையில் இறங்கவில்லை. பங்கு போட்டார்கள். திங்கள், புதன், வெள்ளி தம்பிக்கு. செவ்வாய், வியாழன், சனி அண்ணனுக்கு. ஞாயிறு?

"ஆண்டவரே ஏழாம் நாள் ஓய்வெடுத்தார்டா. மாத்திரைக்கும் லீவு விடு" என்றான் லாஃபாயி. சூட்டுக்கல் அடுப்பில் பன்றியும், தேங்காய்ப்பால் ஊற்றிய சேம்பிலைப் பொட்டலமும் வேகிற நாளும் அதுதான்.

இப்படி மூன்று வருஷம்.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை. அட்டையில் ஒரே ஒரு மாத்திரை இருந்தது. அன்று லாஃபாயியின் முறை. ஆனால் பெத்தேலோ மத்தியானம் ஒரு சாவு வீட்டில் பன்றித்தோலாகத் தின்றுவிட்டு வந்திருந்தான். பயத்தில், யாரும் பார்க்காமல், திரைப்பாயை இறக்கிவிட்டு, மாத்திரையை முழுங்கினான். வாழ்க்கையில் முதல்தடவையாகத் தனியாகத் தின்றான்.

"என் பங்கு எங்கடா?" என்று லாஃபாயி வந்தான்.

"தீந்துபோச்சுண்ணே. நாளைக்கு வாங்கித் தர்றேன்."

"சரி விடு, ஒருநாள்தானே."

மறுநாள் காலையில் லாஃபாயி அவர்களுடைய பஸ்ஸைத் துறைமுகத்துக்கு ஓட்டிக்கொண்டு போனான். மரப் பஸ், கண்ணாடி கிடையாது, நெற்றியில் 'பரலோக ராணி' என்று பெயர். கப்பலுக்குக் காத்திருக்கும்போது வேர்த்தது. "நெஞ்செரிச்சல். ஒரு டீ குடிச்சா சரியாயிடும்" என்றான். டீ வருவதற்குள் ஸ்டியரிங்கில் தலை வைத்துப் படுத்துவிட்டான். தூங்குகிறான் என்று பின்சீட்டுக்காரர்கள் கேலி பண்ணிக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு பஸ் பெத்தேலோவின் கைக்கு வந்தது. டிரைவர் சீட்டில் லாஃபாயி உட்கார்ந்து உட்கார்ந்து விழுந்த குழி இருந்தது. பெத்தேலோ சிறிய ஆள். அந்தக் குழிக்குள் உட்கார்ந்தால் யாரோ மடியில் வைத்துக்கொண்ட மாதிரி இருக்கும். திங்கள், புதன், வெள்ளியில் அது வெறும் சீட். மற்ற நாளில் அவன் ஏறும் முன்பே சூடாக இருக்கும். அந்த நாட்களில் பசியும் வேறு மாதிரி வரும். நர்ஸ் சொன்னபடி மீனும் அளவான சேம்பும் தின்கிற வாய், அண்ணனின் நாளில் துறைமுகத்துக் கடையில் சுட்ட வான்கோழி வால் கேட்கும். கொழுப்பு வழிய வழிய இரண்டு, மூன்று. தின்கிறது தானில்லை என்று பெத்தேலோ நம்பினான். வாயைத் துடைக்கும்போது பார்த்தால், லாஃபாயி துடைக்கிற மாதிரியே முழங்கையால் துடைத்திருப்பான்.

இதை யாரிடம் சொல்ல? பெண்டாட்டி ஆக்லாந்தில் மகளின் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போனில் சொன்னால் பாதிரியாரையும் கூட்டிக்கொண்டு விமானம் ஏறிவிடுவாள்.

போன வாரம் வியாழக்கிழமை காலை, பஸ் நிறைந்து, ஒருவர் மடியில் ஒருவராக முப்பது பேர். டிரைவருக்குப் பின்னால் நர்ஸ் ஃபிலோமீனா, அவள் மடியில் கொக்கோ மூட்டையோடு மசினா. பாறைமேட்டு வளைவு, ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கீழே கடல். பெத்தேலோவுக்கு வேர்த்தது. தொண்டைக்குக் கீழே ஏதோ எரிந்தது. சீட்டுக் குழி இன்னும் ஆழமாகிற மாதிரி இருந்தது. வாய் தானாகத் திறந்தது.

"நெஞ்செரிச்சல். ஒரு டீ குடிச்சா சரியாயிடும்."

குரல் அவனுடையதில்லை. பின்னால் மசினா "ஐயோ" என்றாள். அவளுக்கும் அந்தக் குரல் தெரியும்.

பெத்தேலோ இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்தான். 'பரலோக ராணி' பரலோகத்துக்குப் போகாமல், மலைப்பக்கம் ஒரு சீமைப்பலா மரத்தில் மூக்கை வைத்து நின்றது.

"டிரைவரே, இறங்குங்க! டீயும் இல்ல, கீயும் இல்ல" என்று ஃபிலோமீனா அவன் அக்குளில் கையைக் கொடுத்து இழுத்தாள்.

ஆஸ்பத்திரியில் மார்பெல்லாம் ஒயர் ஒட்டினார்கள். இதயம் நின்றுவிடவில்லை, எச்சரித்திருக்கிறது என்றார் டாக்டர். ரத்தக்குழாய் குறுகியிருக்கிறது, இரண்டு நாள் இரு, புது மாத்திரை ஒன்று கூடும், பஸ்ஸைக் கொஞ்ச காலம் தொடாதே என்று சொல்லிவிட்டுப் போனார். ஃபிலோமீனா போன மாதத்து ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தாள். மசினா கால்மாட்டில் விசிறிக்கொண்டிருந்தாள்.

"மாத்திரை தினம் போடறீங்களா?"

"போடறேன் சிஸ்டர்."

"டிரைவரே, நான் ஊசி போடறவ. பொய்யும் ஊசி மாதிரிதான், ஏறும்போதே முகத்துல தெரிஞ்சிடும்."

பெத்தேலோ கூரையைப் பார்த்தான். "திங்கள், புதன், வெள்ளி போடறேன்."

"மீதி?"

"அண்ணனுக்கு."

"எந்த அண்ணனுக்கு?"

"எனக்கு இருக்கறது ஒரே அண்ணன்தான்."

விசிறி நின்றது. ஃபிலோமீனா சிரிப்பாள் என்று அவன் எதிர்பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. அதனால் எல்லாம் வெளியே வந்துவிட்டது. பங்கு, திரைப்பாய், கடைசி மாத்திரை, வான்கோழி வால், எல்லாம்.

"அவன் முறையை நான் தின்னுட்டேன் சிஸ்டர். மறுநாள் செத்துட்டான்."

"அந்த ஒரு மாத்திரையால அவர் சாகல" என்றாள் அவள். "ஒரு மாத்திரை யாரையும் கொல்லாது, யாரையும் காப்பாத்தவும் செய்யாது. தினம் தினம், வருஷக்கணக்கா போட்டாத்தான் அது மருந்து. சர்க்கரை இருக்கற உடம்புல ரத்தக்குழாய் முன்னாலேயே புண்ணாயிருக்கும். கொழுப்பு அங்க போய் ஒட்டிக்கும். மத்தவனுக்கு நெஞ்சு வலிச்சாவது சொல்லும். சர்க்கரைக்காரனுக்கு சில சமயம் நரம்பு மரத்துப்போய், சொல்லாமலே வரும். வேர்வையா வரும், நெஞ்செரிச்சலா வரும். அவர் இங்க வந்திருந்தா அவருக்குன்னு தனி அட்டையே குடுத்திருப்பேன். இங்க என்ன பஞ்சமா? பன்னியையா பங்கு போடறீங்க, தலை ஒருத்தருக்கு, தொடை ஒருத்தருக்குன்னு?"

"அப்ப நான் தினம் போட்டா..."

"போட்டா, வாலை விட்டா, தேங்காய்ப்பாலைக் குறைச்சா, பஸ் மறுபடி உங்க கைக்கு வரலாம். இல்லேன்னா அடுத்த வளைவுல மரம் இருக்கணும்னு நான் ஜெபம் பண்ண முடியாது."

சொன்னது எல்லாம் புரிந்தது. புரிந்து என்ன? தினம் போடுவதென்றால் செவ்வாயும் வியாழனும் சனியும் போடவேண்டும். அண்ணனின் பங்கை இன்னொரு தடவை திருடித் தின்னவேண்டும். ஆஸ்பத்திரியில் ஃபிலோமீனா கையைப் பிடித்துக் கொடுத்தபோது முழுங்கினான். அது அவள் கணக்கு. வீட்டில், கல்லறைக்கு முன்னால், யார் கணக்கில் முழுங்குவது?

சனிக்கிழமை வீட்டுக்கு வந்தான். சரியாக லாஃபாயியின் நாள்.

வெயில் இறங்க இறங்க சீட்டுக் குழி இல்லாமலே அந்தச் சூடு முதுகில் ஏறியது. புது அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி எடுத்தான். வாய் வரைக்கும் போன கை திரும்பியது. வெளியே வந்து, வழக்கம்போல ரோட்டைப் பார்த்து, தலைமாட்டில் வைக்கக் குனிந்தான்.

"அதை வைக்காதே கொழுந்தனாரே. இடமில்ல."

மசினா கல்லறைக்கு அந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பழைய மாட்டிறைச்சி டின். அதைக் கவிழ்த்தாள். ஓட்டின்மேல் வெள்ளை மாத்திரைகள் கொட்டின. மழையில் கரைந்து உருக்குலைந்தவை சில, மற்றவை முழுசு.

"மொத நாள் பல்லி முட்டைன்னு நினைச்சேன். கூட்டித் தள்ளப் போனேன். அப்புறம் புரிஞ்சுது, நீ அவனுக்குத் தர்றேன்னு. தர்றதை நான் எப்படித் தடுக்க? தூக்கிப் போடவும் மனசு வரல. தினம் விடியக்காலைல பொறுக்கி, அவன் போட்டோவுக்குக் கீழே வச்சேன். அவனே எடுத்துக்குவான்னு பார்த்தேன்." மூக்கை உறிஞ்சினாள். "எடுத்துக்கல. பெரிய தின்னிப்பண்டாரம், இதை மட்டும் தொடல."

பெத்தேலோ பார்த்துக்கொண்டே இருந்தான். "குறையுதே அண்ணி. நான் வச்சது நூறு இருக்கும். இது எழுபதுகூட இல்ல."

"கோழி தின்னிருக்கும்."

"ராத்திரியிலயா?"

மசினா சிதறிய மாத்திரைகளை டின்னுக்குள் வழித்துப் போட்டாள். அவளுடைய சிவப்புக் கோழி கொக்கோ விதைக்கு நடுவில் நின்று இருவரையும் பார்த்தது. ஊரிலேயே ரத்தக்குழாய் சுத்தமான கோழி அதுவாகத்தான் இருக்கும். ஆனாலும் அதன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"அவன் வேணும்னா எடுத்திருப்பான், வேண்டாம்னா விட்டிருக்கான். அது உங்க ரெண்டு பேர் விவகாரம்" என்றாள் கடைசியில். "நம்ம வாசல்ல இன்னொரு கல்லறைக்கு இடமில்ல. நான் எங்க கொக்கோ காயவைக்க?"

ரோட்டின் கோடியில் சங்கை எடுத்துக்கொண்டு ஆள் வருவது தெரிந்தது. பெத்தேலோ கல்லறையின் ஓரத்தில் உட்கார்ந்தான். மாத்திரை உள்ளங்கையில் இருந்தது. திரைப்பாய் கிடையாது, ஒளிய இடம் கிடையாது. தொண்டையைச் செருமிக்கொண்டு, வாசலில் போகிறவனைக் கூப்பிடுகிற குரலில், முழு மரியாதையோடு கூப்பிட்டான்.

"அண்ணே! வா, சாப்பிடு!"

காத்திருந்தான். மசினாவும் காத்திருந்தாள். சீமைப்பலா இலை ஒன்று விழுந்து ஓட்டின்மேல் சரசரவென்று நகர்ந்து நின்றது. அப்புறம் ஒன்றுமில்லை. கடல் சத்தம்கூட ஒதுங்கி நின்ற மாதிரி அமைதி.

லாஃபாயி, தன் சரித்திரத்திலேயே முதல்தடவையாக, வேண்டாமென்று சொல்லிவிட்டான்.

பெத்தேலோ மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் இல்லாமல் முழுங்கினான். தொண்டையில் கொஞ்சம் நின்று, பிறகு இறங்கியது. முழங்கையால் வாயைத் துடைத்தான். துடைத்த பிறகுதான் அது யாருடைய வழக்கம் என்று கவனித்தான். கையை எடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டான்.

சங்கு ஊதியது.