எல்சா அம்மையாரும் எங்கள் வீட்டுச் சுவரும்

சென்ற வியாழக்கிழமை காலை தேக்கா சந்தையில் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். காய்கறிக்கடை அஞ்சலை தராசைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்தாள்.

“அக்கா, உங்களுக்கு இன்னும் யாரும் சொல்லலையா? உங்ககூட வருவாங்களே வெள்ளைக்காரம்மா, விடியக்காலையில போய்ட்டாங்க லா. அவங்க வீட்டு வேலைக்காரம்மா இப்பத்தான் வந்து சொல்லிட்டுப் போனா. மத்தியானமே எடுக்கிறாங்களாம்.”

இறந்த அன்றே அடக்கம் செய்வது யூதர்களின் வழக்கம். பொறுக்கிய காயை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். மாமா என்று நான் அழைக்கும் என் மாமனாரிடம் சொன்னதும், எண்பது வயதை நெருங்கும் அவர் உடனே எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார்.

எல்சா அம்மையார் மாரடைப்பால் ஐம்பத்தொரு வயதில் மறைந்தார். பதினைந்து ஆண்டுகள் மருத்துவமனையின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் என் பக்கத்து மேசையில் அமர்ந்திருந்தவர். வியன்னாவில் பிறந்தவர். யூதர் என்று சொந்த ஊர் துரத்தியபின் கப்பலேறி இந்தத் தீவுக்கு வந்தார். போர் தொடங்கியதும், ஜெர்மனி பிடித்த ஊரில் பிறந்தவர் என்பதால் ஆங்கில அரசு அவரை ‘எதிரி நாட்டவர்’ என்று பிடித்து ஆஸ்திரேலியாவில் முள்வேலிக்குள் வைத்தது. “ஜெர்மன்காரன், ஆங்கிலேயன் ரெண்டு பேரோட பட்டியல்லயும் என் பேர் இருந்தது சாரதா. அந்த அளவுக்கு நான் பெரிய ஆளு” என்று சொல்லிச் சிரிப்பார். போர் முடிந்து திரும்பி வந்தவர், செலிகி சாலைக்கு அருகே ஒரு யூதக் குடும்பத்தின் மாடியறையில் கடைசிவரை குடியிருந்தார்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே அவருடைய ஒரு பழக்கத்தைக் கவனித்தேன். இரத்தம் நிரப்பிய கண்ணாடிக் குழாயோடு வரும் படிவத்தில் பெயர், வயது, இனம், மதம் எல்லாம் இருக்கும். மூலையில் ஓர் எண். அந்த எண் மட்டும் தெரியும்படி படிவத்தை மடித்துவிட்டுத்தான் அவர் வேலையைத் தொடங்குவார். முடிவை எழுதும்போதுதான் பிரிப்பார். “மிஸ்ஸுக்கு நேரம் நிறைய இருக்கு, காகிதக் கப்பல் செய்றாங்க” என்று நாங்கள் கேலி செய்வோம். “முதல்ல குழாய் பேசட்டும். காகிதம் அப்புறம் பேசலாம்” என்பார். அதற்குமேல் அவர் விளக்கியதில்லை. நாங்களும் கேட்கவில்லை.

ஐம்பத்தாறாம் ஆண்டு தீபாவளிக்கு அவரை ஃபேரர் பார்க் அருகிலுள்ள எங்கள் வீட்டுக்கு அழைத்தேன். அழைக்கும்போது சுவரை நான் நினைத்துப் பார்க்கவில்லை.

கூடத்துச் சுவரில் முருகனுக்கும் இந்தியத் தலைவர்களுக்கும் பக்கத்தில், தேக்கு மரச்சட்டத்தில் ஜெர்மனியின் சர்வாதிகாரி இருந்தார். போர்க்காலத்தில் இந்திய விடுதலைப் படையில் தொண்டராக இருந்த மாமா ஏதோ பத்திரிகையிலிருந்து வெட்டிய படம் அது. ஆங்கிலேயர் திரும்பி வந்தபோது பெட்டிக்குள் ஒளித்து வைத்தவர், பயம் தெளிந்ததும் எடுத்து மாட்டினார். இப்படி ஒரு படம் எங்கள் தெருவில் இன்னும் சில வீடுகளிலும் இருந்தது. எங்களை ஆண்ட வெள்ளைக்காரனை அவன் அடித்தான், அதனால் நல்லவன். அதற்குமேல் யாரும் யோசிக்கவில்லை. மாமாவை மட்டும் குறை சொல்வதற்கில்லை. கல்லூரியில் படித்தவள் நான். செய்தித்தாள் படித்தவள். அந்தப் படத்துக்குத் தினமும் தூசி தட்டியவளும் நான்தான்.

நான் முறுக்குத் தட்டோடு வந்தபோது அம்மையார் படத்துக்கு எதிரே நின்றிருந்தார். மாமா பெருமையாக ஆரம்பித்தார். இருவருக்கும் பொதுமொழி, சந்தையில் பேசும் கொச்சை மலாயான பாசார் மலாய். அதைத் தமிழில் எழுதுகிறேன்.

“யாருன்னு தெரியுதா டாக்டரம்மா?”

“நான் டாக்டர் இல்லை ஐயா. ஆக விடல. இவரைத் தெரியும்.”

“வெள்ளைக்காரனைக் கதிகலங்க வச்ச ஆளு!”

அம்மையார் நாற்காலியில் அமர்ந்து, தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

“ஐயா, இவர் எடுத்தவுடனே யாரையும் கொல்லல. முதல்ல பேசினார். வேலை கிடைக்கலையா, யூதனால. சண்டையில தோத்தமா, யூதனால. வருஷக்கணக்கா இதையே பேசினார். ஜனங்க முதல்ல சிரிச்சாங்க. அப்புறம் கைதட்டினாங்க. பதவிக்கு வந்ததும் மத்தக் கட்சிகளையெல்லாம் மூடினார். பத்திரிகைகளை வாய் திறக்காம பண்ணினார். தப்புன்னு சொல்ல ஆளே இல்லைன்னு ஆச்சு. அவர் ஆளுங்க எங்க ஊருக்குள்ள வந்ததும், யூதர்கள் பூங்கா பெஞ்சுல உட்காரக் கூடாதுன்னு எழுதி வச்சாங்க. ‘பெஞ்சுதானே, நின்னுக்கலாம்’னார் எங்கப்பா. அப்புறம் தாத்தா பாட்டி யாருன்னு கேட்டு, எங்க ரத்தம் வேறன்னு முடிவு பண்ணாங்க. நான் படிச்ச கல்லூரி போச்சு. அப்பாவோட கடை போச்சு. நான் கப்பலேறிட்டேன். மீதியெல்லாம் கடிதத்துலதான் தெரியும். வீடு போச்சு. சட்டையில மஞ்சள் நட்சத்திரம் தைக்கச் சொன்னாங்க. கடைசியில ரயில்ல ஏத்தினாங்க. அப்புறம் கடிதம் வரல.”

மாமா கேட்டார்: “உங்க வீட்ல எத்தனை பேரு?”

“பதினோரு பேர். மொத்தமா அறுபது லட்சம். கைக்குழந்தைகளையும் விடல.”

“இதெல்லாம் வெள்ளைக்காரன் கட்டிவிட்ட கதை” என்றார் மாமா. ஆனால் இப்போது படத்தைப் பார்க்காமல் சொன்னார்.

நான் ஸ்டூலை இழுத்தேன். “மாமா, நான் இதைக் கழட்டிடறேன்.”

அம்மையார் என் கையைப் பிடித்துத் தடுத்தார். “வேண்டாம் சாரதா. கடை, பள்ளிக்கூடம்னு எங்க ஊர்ல எல்லா இடத்துலயும் இவர் படத்தை மாட்ட வச்சாங்க. இன்னொருத்தர் வீட்டுச் சுவர்ல என்ன இருக்கணும்னு உத்தரவு போட நான் வரல.”

தட்டிலிருந்த முறுக்கை முழுக்கச் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினார். அன்று எனக்கு ஏற்பட்ட பிரமிப்பு இன்றுவரை அடங்கவில்லை. மறுநாள் பரிசோதனைக் கூடத்தில் அவர் படிவத்தை மடித்தபோது, அது எதற்காக என்று எனக்குப் புரிந்தது. அன்று முதல் நானும் மடிக்கத் தொடங்கினேன்.

அடுத்த தீபாவளிக்கும் அவர் வந்தார். அதற்கடுத்த ஆண்டும் வந்தார். படம் அங்கேயே இருந்தது. ஆனால் அவர் வரும் நாளில் மட்டும் மாமா அவர் அமரும் நாற்காலியை, முதுகு படம் இருந்த சுவர்ப் பக்கம் இருக்கும்படி திருப்பிப் போட்டுவிடுவார். அம்மையார் அதைக் கவனித்தார். அதிலேயே உட்கார்ந்துகொண்டார்.

அறுபத்து நாலில் நகரில் இனக்கலவரம் மூண்டது. ஊரடங்கால் நாங்கள் மருத்துவமனையிலேயே தங்க வேண்டியிருந்தது. ஊரடங்கைத் தளர்த்திய ஒரு மதியம், மாமா அடுக்குச் சட்டியில் சோறு எடுத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றார். அப்போது இரத்தம் கொடுக்க வந்த ஒருவர் மலாயில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். அவர் எந்த இனம் என்று எழுத மாட்டேன், அம்மையாருக்குப் பிடிக்காது.

“என் ரத்தம் எங்க ஆளுங்களுக்குத்தான் போகணும். அவனுங்களுக்கு ஒரு சொட்டு போகக்கூடாது. அவனுங்க ரத்தமே வேற!”

அம்மையார் அவர் தோளைத் தொட்டு அழைத்து வந்து நுண்ணோக்கியின் முன் அமர்த்தினார். இரண்டு பேரின் இரத்தம் தடவிய கண்ணாடித் தகடுகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தார்.

“இதுல எது உங்க ஆளு?”

அவர் வெகுநேரம் பார்த்தார். “எனக்கு எப்படித் தெரியும்?”

“எனக்கும் தெரியல. வருஷக்கணக்கா இதையேதான் பார்க்கிறேன். இன்னும் தெரியல. ரத்தம் வேறன்னு சொல்லித்தான் என் வீட்டையே காலி பண்ணாங்க. விருப்பம் இல்லைன்னா கதவு அங்கே இருக்கு, போகலாம். யாரும் உங்க பேரைக் கேட்க மாட்டாங்க.”

அவர் போகவில்லை. சட்டைக் கையை மடித்து விட்டார்.

அன்று பணி முடிந்து மாமாவும் நானும் வீடு திரும்பும்போது சிராங்கூன் சாலையில் கடைகள் எல்லாம் அடைத்துக் கிடந்தன. பாதி வழியில் மாமா சட்டென்று நின்றார்.

“ஏம்மா, பெஞ்சு போனா நின்னுக்கலாம்னு சொன்னாரே அவங்கப்பா. அவர் பேரென்ன?”

“தெரியாது மாமா.”

“எட்டு வருஷமா நம்ம வீட்டுக்கு வர்றாங்க. கேட்காமலே விட்டுட்டோமே.”

வீட்டுக்கு வந்ததும் அவரே ஸ்டூலில் ஏறினார். படத்தை உருவி அடுப்பில் போட்டார். மரச்சட்டத்தைத் துடைத்துக் காகிதத்தில் சுற்றி, நிலைமை அடங்கியதும் அம்மையாரின் அறைக்கே எடுத்துப்போனார். நானும் உடன் போனேன்.

“இதுல உங்க அப்பா படத்தைப் போடுங்க டாக்டரம்மா.”

அம்மையார் அதைக் கையில் வைத்துத் தடவிக்கொண்டே சொன்னார்: “படம் ஒண்ணுகூட மிச்சமில்லை ஐயா.”

மாமா அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அப்புறம், “பேராவது சொல்லுங்க” என்றார்.

“யாக்கோப்.”

“யாக்கோப்” என்று மாமா திருப்பிச் சொன்னார்.

அடுத்த முறை போனபோது அந்தச் சட்டம் சுவரில் இருந்தது. உள்ளே ஒரு வெள்ளைத்தாள். அதில் அம்மையாரின் கையெழுத்தில் பதினொரு பெயர்கள்.

சென்ற வியாழக்கிழமை அடக்கத்துக்குப் போகும் வழியிலேயே மாமா ஒரு ரோஜா மாலை வாங்கிக்கொண்டார். கல்லறைத் தோட்டத்தில் ஒரு பெரியவர் தணிந்த குரலில், பூ வைப்பது தங்கள் வழக்கமில்லை என்று சொன்னார். மாமா மாலையை முழங்கையில் போட்டுக்கொண்டே நின்றார். அப்படியே மண்வெட்டியை வாங்கி மூன்று முறை மண் தள்ளினார். புறப்படும்போது அம்மையார் தங்கியிருந்த வீட்டு அம்மாள் செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை என்னிடம் நீட்டினார். “இந்தச் சட்டம் அந்தத் தாத்தா வீட்டுக்கே திரும்பிப் போகணும்னு சொல்லியிருந்தாங்க.”

எங்கள் சுவரில் பழைய ஆணி அப்படியே இருந்தது. அதிலேயே மாட்டினோம். பதினோராவது பெயருக்குக் கீழே அம்மையார் ஒரு வரிக்கு இடம் விட்டிருந்தார். அதில் அவர் பெயரை நான் எழுதினேன். மாமாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. நான் ஒவ்வொரு பெயராக வாசிக்க, அவர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னார். பன்னிரண்டாவது பெயரை மட்டும் இரண்டு முறை சொன்னார். பிறகு மாலையைச் சட்டத்துக்குச் சாத்தினார்.

அம்மையாரே, உங்கள் நாற்காலி அதே இடத்தில்தான் இருக்கிறது. மாமா அதைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டிருக்கிறார். போய் வாருங்கள்.