வாசம் இல்லாத சுத்தம்

கடைசியாக இருவரும் சேர்ந்து செய்த வேலை, வார்டில் ஒரு கட்டிலின் எஃகுக் கம்பியைத் துடைத்தது. அம்மா தண்ணீரில் நனைத்த துணியால் துடைக்க, மகள் கிருமிச் சோதனைக்காகப் பஞ்சுக் குச்சியால் ஒற்றிக் கண்ணாடிக் குழாயில் போட்டாள்.

அந்தக் கம்பிகளின் மேல் மகளின் ஆய்வகம் ஒரு நொதியை ஒட்டவைத்திருந்தது. கிருமிகள் கூட்டமாகக் குடியேறப் பூசிக்கொள்ளும் வழவழப்பை அது அறுத்துவிடும். பிளீச்சிங் பட்டால் நொதி செத்தது. வெறும் தண்ணீர், மெல்லிய துணி, அவ்வளவுதான் விதி.

அம்மா அங்கே துப்புரவுப் பணியாளர். அந்த விதிக்காகக் கூட வேலை செய்பவர்களிடம் கேலி வாங்கினாள்.

"பொண்ணு பெரிய படிப்பு. அம்மாவுக்கு பிளீச்சிங்கே ஆகாதாம்!"

"ஆமாண்டி. தேய்க்காம கை ஊறுதுன்னா, போய் உன் புருஷன் முதுகைத் தேய்."

அந்தக் கடைசி நாளில் அம்மா கம்பியில் மூக்கை வைத்தாள். "மோந்து பாரு."

பிளீச்சிங் நெடி.

"யாரும்மா?"

"ராத்திரி டூட்டிக்காரி. அவளைச் சொல்லி என்ன? சூப்பர்வைசர் காலையில மூக்காலதான் சோதிப்பான். வாசம் வரலேன்னா, வார்டு கழுவலேன்னு அவ சம்பளத்துல கை வைப்பான்."

மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நான் அவனைக் கேக்கறேன்."

"நீ கேட்டுட்டுப் போயிடுவ. அடி அவளுக்குத்தான் விழும். நான் பாத்துக்கறேன், சும்மா இரு."

அடுத்த வாரம் உடை மாற்றும் அறையில் அம்மாவுக்கு நெஞ்சு வலித்தது. மருத்துவமனைக்குள்ளேயே இருந்தும், டாக்டர் வருவதற்குள் முடிந்துவிட்டது.

சாவு வீட்டுக்கு சூப்பர்வைசரும் வந்தான். மகளுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"நல்ல மனுஷி. ஆமா, உங்க பூச்சு சரியில்லையாமே? கம்பியில கிருமி அப்படியே இருக்குதாம். வேணாம்னு மேல எழுதி அனுப்பியாச்சு."

"எழுந்து வெளியே போங்க."

"என்னம்மா, துக்கம் கேக்க வந்த இடத்துல..."

"ராத்திரி பிளீச்சிங் ஊத்த வெச்சது நீங்க. காலையில பூச்சு சரியில்லேன்னு எழுதறதும் நீங்களா? போங்கன்னு சொன்னேன்."

போனான். சித்தி கையைப் பிடித்து இழுத்தாள். "சாவு வீட்ல இப்படியாடி கத்துவ?"

"வேற எங்க கத்தறது சித்தி? அங்க என்னை உள்ளயே விடமாட்டான்."

ராத்திரி டூட்டிக்காரியின் வீடு பேருந்து நிலையத்துக்குப் பின்னால். பகலில் போய் அவளைப் பார்க்க வேண்டும் என்று அந்தக் கடைசி வாரம் முழுக்க அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். கம்பியைத் தொடாதே, தரையில் மட்டும் ஊற்று, அவன் மூக்குக்கு அது போதும் என்று சொல்லிவிட்டு வருவதற்கு. அதற்காக ஒரு நாள் லீவு கேட்டாள். சூப்பர்வைசர் தரவில்லை.